பல்கலைக்கழகத்தோடு வழக்கை முடித்துக்கொண்டது பற்றி

பாலியல் தொந்தரவு வழக்கை ஒரு பல்கலைக்கழகம் சமரசமாக முடிக்கலாமா என்று கேட்டால், முடிக்கலாம் என்றுதான் சொல்வேன். நானே அப்படித்தான் முடித்தேன். ஆனால் அவர்கள் முதலில் அனுப்பிய கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் இன்றைக்கு இதை எழுதும் உரிமைகூட எனக்கு இருந்திருக்காது.

பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதவில்லை. எனக்காகச் சாட்சி சொன்ன பிள்ளைகள் இன்னும் அங்கே படிக்கிறார்கள், பீடம் தெரிந்தால் அவர்கள் யாரென்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது. நான் இலங்கையில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, எங்கள் லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, கெம்பஸ் போன முதல் ஆள். எனக்குப் புள்ளி போடும் அதிகாரம் வைத்திருந்த ஒரு விரிவுரையாளர் அந்த அதிகாரத்தைக் காட்டியே என்னை நெருக்கினார். நடந்ததை இதற்கு மேல் விவரிக்கப் போவதில்லை, முறைப்பாட்டில் எல்லாம் இருக்கிறது.

முறைப்பாட்டைப் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள், ஆனால் முத்திரை குத்திய பிரதி தர மனமில்லை, விடாமல் நின்று வாங்கினேன். அப்புறம் உள்விசாரணைக் குழு கூடும், பொறுங்கள், பொறுங்கள் என்று இழுத்தார்கள். அரச பல்கலைக்கழகத்துக்கு எதிராக அடிப்படை உரிமை மீறல் மனு போடுவதென்றால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்று அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை சொல்கிறது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் ஆணைக்குழுச் சட்டத்தில் இருக்கிறது. மாணவ ஆலோசனைக்கென்று சம்பளம் வாங்கும் ஒருவரும் இதை எனக்குச் சொல்லவில்லை. குழு கூடுவதற்குள் அந்த மாதம் போய்விட்டது. இது தற்செயல் என்று என்னால் இன்றுவரை நம்ப முடியவில்லை.

பொலிஸுக்குப் போனேன். தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி பாலியல் தொந்தரவு குற்றம், ஐந்து வருடம் வரை சிறை கிடைக்கலாம், அதிகாரத்தில் இருப்பவர் சொல்லாலோ செயலாலோ செய்வதும் அதில் அடங்கும். வாக்குமூலம் எழுதிய பெண் கான்ஸ்டபிள் நல்ல மனுஷி, தண்ணீரெல்லாம் கொடுத்தார், ஆனால் எழுதியது முழுக்கச் சிங்களத்தில். எழுதி முடித்ததும் புத்தகத்தை என் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போடும் இடத்தில் பேனாவை வைத்துக் காட்டினார். தமிழில் வாசித்துக் காட்டுங்கள் என்றேன். குற்றவியல் நடபடிமுறைச் சட்டத்தின் 110ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது, திருத்தவும் கூடுதலாகச் சொல்லவும்கூட இடமிருக்கிறது. பக்கத்து அறையிலிருந்து தமிழ் தெரிந்த ஒருவர் வந்து வாசித்தார். 'கதவைப் பூட்டினார்' என்று நான் சொன்னது, 'கதவு மூடியிருந்தது' என்று எழுதப்பட்டிருந்தது. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. ஆனால் அந்த ஒரு வரிதான் பின்னாலே எல்லாவற்றையும் தாங்கி நின்றது. திருத்தி எழுதிய பிறகே கையெழுத்துப் போட்டேன்.

நட்டஈட்டு வழக்கைப் போட இரண்டு வருடக் காலவரை இருக்கிறது, அது முடியும் முன் மாவட்ட நீதிமன்றத்தில் விரிவுரையாளர் மேலும் பல்கலைக்கழகத்தின் மேலும் வழக்குப் போட்டோம். அதுவரை ஆமை வேகத்தில் நடந்தவர்களுக்கு அப்போது திடீரென்று அவசரம் வந்தது, கடிதமும் வந்தது. பல லட்சம் ரூபாய் தருவோம், பொறுப்பை ஏற்றுக்கொள்ளவில்லை, பொலிஸ் முறைப்பாட்டை வாபஸ் வாங்க வேண்டும், எழுத்திலோ பேச்சிலோ யாரிடமும் எதுவும் சொல்லக்கூடாது, உள்விசாரணை இத்தோடு முடிந்ததாகக் கருதப்படும். கடைசி வரிதான் என்னை உலுக்கியது. அந்த ஆள் சுத்தமான கோப்போடு வேறொரு பல்கலைக்கழகத்தில் போய் உட்காரலாம் என்றுதானே அதற்கு அர்த்தம்.

அம்மாவின் நாட்சம்பளம் அப்போது ஆயிரம் ரூபாய், அதுவும் கொழுந்து நிறுவை சரியாக இருந்தால். அவ்வளவு பணத்தை வேண்டாம் என்று சொல்வது எங்கள் வீட்டில் சின்ன விஷயம் இல்லை. தோட்டத்துத் தலைவர் வீட்டுக்கே வந்து, "பொம்பளப் புள்ள விசயம், கோர்ட்டு கோர்ட்டுன்னு இழுத்தா பேரு கெட்டுப்போகும், குடுக்கிறத வாங்கிக்கிட்டு முடிச்சிருங்க" என்றார். சட்டத்தரணி கடிதத்தைத் தமிழில் சொன்னதைக் கேட்டிருந்த அம்மா, "காசு குடுக்கிறாங்க சரி, எம்புள்ள எதுக்கு வாயப் பொத்திக்கிட்டு இருக்கணும்?" என்று அவரிடமே கேட்டார்.

எங்கள் சட்டத்தரணி அமெரிக்கக் கதை ஒன்றைச் சொன்னார். தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மாணவர் சுகாதார நிலையத்தில் பல வருடம் இருந்த மகளிர் மருத்துவர் ஒருவர் மேல் முறைப்பாடுகள் வந்தபோது, 2017இல் பணம் கொடுத்துச் சத்தமில்லாமல் விலகவிட்டார்கள். அடுத்த வருடம் பத்திரிகையில் வெளியானது. 2021இல் எழுநூறுக்கும் மேற்பட்ட பெண்களோடு 852 மில்லியன் டொலருக்குச் சமரசம் செய்ய வேண்டி வந்தது. மூடி மறைத்ததால் எதுவும் மிச்சமாகவில்லை. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் தன் மருத்துவர் ஒருவரின் பாலியல் துஷ்பிரயோகத்துக்காக 2018இல் 500 மில்லியன் டொலருக்குச் சமரசம் செய்தது, ஆனால் அதற்கு முன்னாலேயே நூற்றைம்பதுக்கும் அதிகமான பெண்கள் நீதிமன்றத்தில் எழுந்து நின்று பேசியிருந்தார்கள். இங்கிலாந்தில் 2025 ஆகஸ்ட் 1 முதல் இப்படிப்பட்ட விஷயங்களில் மாணவர்களை வாய்கட்டும் ஒப்பந்தங்களுக்கே பல்கலைக்கழகங்களுக்குத் தடை.

என் கூட்டாளி ஒருத்தி சமரசமே கூடாது, தீர்ப்பு வந்தால்தான் அடுத்தவளுக்கு உதவும் என்றாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வருடக்கணக்காகத் தவணை, தவணை என்று அலைந்து, குறுக்கு விசாரணைக் கூண்டில் நிற்கப்போவது நான். அந்தப் பாரத்தை எடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமை பாதிக்கப்பட்டவளுடையது, பல்கலைக்கழகத்தின் நற்பெயருக்காக வேறு யாரும் அந்த முடிவை எடுக்கக்கூடாது.

அதனால் திருப்பி எழுதினோம். தொகையைக் குறைத்துக்கொள்கிறேன், வாய்ப்பூட்டு வேண்டாம், முறைப்பாடு அப்படியே இருக்கும், உள்விசாரணை முடிந்து அறிக்கை பல்கலைக்கழகத்தை நிர்வகிக்கும் பேரவைக்குப் போக வேண்டும். இழுபறிக்குப் பிறகு ஒத்துக்கொண்டார்கள். தனிக் கடிதமாக முடிக்காமல், குடியியல் நடபடிமுறைக் கோவையின் 408ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தில் பதிந்து தீர்ப்பாணையாக வாங்கினோம். பேச்சு மாறினால் புதிதாக வழக்குப் போடத் தேவையில்லை, அதையே நிறைவேற்றக் கேட்கலாம். பணம் வந்தது. உள்விசாரணை முடிந்து அந்த ஆள் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். பொலிஸ் வழக்கு இன்னும் நடக்கிறது.

இப்போது அப்படியொரு கடிதத்தைக் கையில் வைத்திருக்கும் தங்கச்சி யாராவது இருந்தால், கையெழுத்துக்கு முன் அதைத் தமிழில் வரிக்கு வரி கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, எங்கே தொடங்குவதென்றே தெரியாவிட்டால் பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் முத்திரையோடு பிரதி வாங்குங்கள், தர மாட்டோம் என்றால் தரும்வரை நில்லுங்கள்.