பட்டு கிட்டு, பாட்டு கீட்டு

ஆறாம் வகுப்பில் நான் எழுதிய முதற் கவிதையின் முதலடி 'பட்டு' என்றும் இரண்டாமடி 'பாட்டு' என்றும் தொடங்கின. எதுகை அமைந்துவிட்டது என்ற பெருமிதத்துடன் அதைத் தமிழாசிரியரிடம் நீட்டினேன். சேர் இரண்டு சொற்களையும் சிவப்பு மையால் வட்டமிட்டு, "இது எதுகை இல்ல மனே" என்று கொப்பியைத் திருப்பித் தந்தார். இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் எதுகை என்று படிப்பித்தவரே அவர்தான் என்பதால் எனக்குக் கோபமே வந்தது.

மறுநாள் அவர் இலக்கணப் புத்தகத்தைத் திறக்கவில்லை. "வீட்டில மீன் கீன் வாங்கினீங்களா?" என்று கேட்டுவிட்டு, தாம் சொல்லும் சொல்லுக்கு நாங்கள் அப்படியே எதிரொலி சொல்ல வேண்டும் என்றார். மாடு என்றார், கீடு என்றோம். பணம் என்றார், கிணம் என்றோம். பட்டுக்குக் கிட்டு வந்தது, பாட்டுக்குக் கீட்டு வந்தது. "பட்டு கீட்டு எண்டு ஏன் ஒருத்தரும் சொல்லல்ல?" என்று அவர் கேட்டபோதுதான், முதலெழுத்துக் குறிலானால் குறிலும் நெடிலானால் நெடிலுமாக அளவொத்து நிற்க, இரண்டாம் எழுத்து ஒன்றி வருவதே எதுகை என்னும் விதியை, பள்ளிக்கூடத்தில் கால் வைக்குமுன்பே எங்கள் நாக்கு அறிந்து வைத்திருந்தது புரிந்தது.

அதன் பிறகே அவர் கரும்பலகையில், காரைதீவில் 1892இல் பிறந்து கல்லடியில் துயிலும் விபுலானந்த அடிகளின் அடிகளை எழுதினார்:

வெள்ளைநிற மல்லிகையோ வேறெந்த மாமலரோ
வள்ளல் அடியிணைக்கு வாய்த்த மலரெதுவோ

வெள்ளை, வள்ளல் என்னும் எதுகையை நாங்கள் உடனே பிடித்துவிட்டோம். வெள்ளைக்கு வேறெந்த, வள்ளலுக்கு வாய்த்த என்று மோனை ஓடுவதையும், ஈற்றில் ஓகாரம் இயைபாக ஒலிப்பதையும் கண்டுபிடிக்க அந்தப் பாடவேளை முழுவதும் சென்றது. மனப்பாடம் செய்யும்படி அவர் சொல்லவில்லை. ஆனாலும் மணியடித்தபோது பாட்டு எல்லோருக்கும் பாடமாகியிருந்தது.

இங்கே சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நானும் அந்த விளையாட்டிலிருந்தே தொடங்குகிறேன். தமிழ் தடுமாறும் பிள்ளைகளும் 'பீட்சா கீட்சா', 'பர்கர் கிர்கர்' என்று குறில் நெடில் பிசகாமல் சொல்லிவிடுகிறார்கள். சென்ற மாதம் ஒரு சிறுமி, "அப்ப கிளிக்கு என்ன, சேர்?" என்று கேட்டாள். எங்கள் சேரிடம் இதை ஒருவரும் கேட்கவில்லையே என்று நினைத்தபடி, அடுத்த வாரம் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.