மிக்ஸோமாவுக்கு டி15.1 போட நான் பட்ட பாடு

மிக்ஸோமா போல இதயத்தில் வரும் புற்றல்லாத கட்டிக்கு, நோய்களுக்கான அமெரிக்கக் குறியீட்டுத் தொகுப்பான ஐசிடி-10-சிஎம்மில் டி15.1. பழைய ஐசிடி-9 காலத்தில் 212.7. கோடிங் படித்த யாரைக் கேட்டாலும் நியோப்ளாசம் டேபிளை, அதாவது கட்டிகளுக்கான குறியீட்டு அட்டவணையைப் பார்த்து உடனே சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு குறியீட்டைக் காப்பீட்டுப் பணம் கேட்கும் க்ளைமில் ஏற்றி முடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இதே மாதிரி ரெக்கார்டு முதல்முறையாகக் கையில் வருகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை என்பதும் ஒரு காரணம்.

அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் உள்நோயாளி ரெக்கார்டு. இடது மேலறையில் கட்டி, நெஞ்சைத் திறந்து எடுத்தார்கள், நோயாளி நலமாக வீடு திரும்பிவிட்டார். அறுவை சிகிச்சைக் குறிப்பு பிரமாதமாக எழுதப்பட்டிருந்தது. மேலறைகளுக்கு நடுவே உள்ள தடுப்புச் சுவரில் காம்போடு ஒட்டிக்கொண்டு, வழவழவென்று, தொட்டால் பிய்ந்துவரும் கட்டி. பெரியவர்களுக்கு இதயத்திலேயே தோன்றும் கட்டிகளில் மிக்ஸோமாதான் அதிகம்; அதிலும் முக்கால்வாசி இடது மேலறையில்தான். ஆகவே இது என்ன என்று யூகிப்பது கஷ்டமில்லை. ஆனால் கோடர் யூகிக்கக் கூடாதே. டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்தது இவ்வளவுதான்: "இடது மேலறை மாஸ், அகற்றப்பட்டது. பேத்தாலஜி முடிவு வரவேண்டும்." மாஸ் என்றால் ஏதோ ஒரு திரள்; பேத்தாலஜி என்றால் திசுப் பரிசோதனை.

மாஸ் என்று மட்டும் எழுதினால் அதைக் கட்டியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று, தன்மை குறிப்பிடாத கட்டிகளுக்கான டி49 பிரிவின் குறிப்பிலேயே இருக்கிறது. அப்படியானால் ஐ51.89 போன்ற, இதய நோய்க்கான ஒரு பொதுக் குறியீட்டில்தான் போய் நிற்க வேண்டும். திறந்த இதய அறுவை சிகிச்சைக்கு அதை முதன்மை நோயாகக் காட்டினால் க்ளைம் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த மருத்துவர் சம்மரியில் "மிக்ஸோமாவாக இருக்கலாம்" என்று ஒரு வரி போட்டிருந்தாலே போதும். டிஸ்சார்ஜ் ஆகும்போது சந்தேகமாக எழுதப்பட்ட நோயை உறுதியானது போலவே குறிக்க உள்நோயாளி விதி இடம் தருகிறது. வெளிநோயாளிக்கு அந்தச் சலுகை கிடையாது.

பேத்தாலஜி ரிப்போர்ட் வந்தது. தெளிவாக மிக்ஸோமா. சரி, முடிந்தது என்று நினைப்பீர்கள். இல்லை. உள்நோயாளி ரெக்கார்டில் பேத்தாலஜிஸ்ட் சொன்னதை மட்டும் வைத்துக் குறியீடு போட முடியாது. சிகிச்சை அளித்த மருத்துவர் அதைத் தன் குறிப்பில் எழுத வேண்டும். அவரிடம் விளக்கம் கேட்டு க்வெரி அனுப்பினேன். அறுவை சிகிச்சை நிபுணரின் அலுவலகத்திலிருந்து வந்த பதில்: "பேத்தாலஜி ரிப்போர்ட்டைப் பார்க்கவும்." அதைப் பார்த்துவிட்டுத்தானே ஐயா கேட்கிறேன்!

இதற்கிடையில் கோடிங்கைச் சரிபார்க்கும் ஆடிட்டர் புகுந்தார். முடிவு தெரியாத கட்டி என்பதால் டி48.7 போடு, ரெக்கார்டை நிறுத்தி வைக்காதே என்றார். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். டி48, பேத்தாலஜிஸ்ட் திசுவைப் பார்த்த பிறகும் புற்றா இல்லையா என்று தீர்மானிக்க முடியாத கட்டிக்கு. ரிப்போர்ட் வராததற்கோ மருத்துவர் எழுதாததற்கோ அது இல்லை. புத்தகத்தில் அந்தப் பிரிவின் தொடக்கத்தில் இருக்கும் குறிப்பை அப்படியே எடுத்து அனுப்பினேன். பதில் வரவில்லை. ஆனால் மறுநாள் என் பெயருக்கு எதிரே போட்டிருந்த பிழைப் புள்ளி காணாமல் போயிருந்தது. அது போதும் எனக்கு.

க்வெரியை மாற்றி எழுதினேன். "மிக்ஸோமா என்று உறுதி செய்யவும்" என்று கேட்டால் பதிலை நாமே வாயில் ஊட்டியதாகிவிடும், தணிக்கையில் நிற்காது. அதனால் எக்கோவில் (இதய ஸ்கேனில்) சொன்னது, அறுவை சிகிச்சையில் கண்டது, பேத்தாலஜி முடிவு மூன்றையும் தேதியோடு வைத்து, கீழே தேர்வுகள் கொடுத்தேன்: மிக்ஸோமா, ரத்தக்கட்டி, வேறு ஏதாவது, தீர்மானிக்க இயலவில்லை. இந்தத் தடவை பிற்சேர்க்கையாக ஒரு வரி ரெக்கார்டில் ஏறியது. ஒரே ஒரு வரி!

அப்புறம் இன்னொரு கண்ணி. கட்டி மைட்ரல் வால்வை அடைத்துக்கொண்டிருந்ததால் யாரோ "மைட்ரல் ஸ்டெனோசிஸ்" (வால்வு சுருக்கம்) என்று எழுதி வைத்திருந்தார்கள். அதை அப்படியே மென்பொருளில் தட்டினால் நேராக ஐ05.0, அதாவது ருமாட்டிக் வால்வு நோய். அந்த நோயாளிக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்த தடயமே இல்லை. அதற்கும் தனியாக ஒரு க்வெரி போட்டேன். வால்வில் நோய் இல்லை, கட்டி செய்த அடைப்புதான் என்று பதில் வந்ததும் அந்தக் குறியீட்டைத் தூக்கிவிட்டேன்.

க்ளைம் போய்விட்டது, பணமும் வந்துவிட்டது.

இதே வரிசையில் வரும் மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளுக்கு வரும் இதயத் தசைக் கட்டியான ராப்டோமயோமாவும் டி15.1தான், ட்யூபரஸ் ஸ்க்லெரோசிஸ் என்ற மரபணு நோய் இருப்பதாக மருத்துவர் எழுதியிருந்தால் க்யூ85.1ஐயும் சேருங்கள். இதயக் கொழுப்புக் கட்டி டி17.4க்குப் போகும். பெருநாளங்களில் வந்த கட்டி டி21.3, டி15.1இன் கீழேயே அதை விலக்கியிருக்கிறார்கள். மேலறைக்குள் உறைந்த ரத்தம் என்று உறுதியானால் ஐ51.3.

தொடர் பரிசோதனைக்கு அதே நோயாளி வந்தபோது காரணம் என்ற இடத்தில் மறுபடியும் "இடது மேலறை மிக்ஸோமா" என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். எடுத்தாயிற்று, எக்கோ சுத்தமாக இருக்கிறது. டி15.1 போட்டால் கட்டி இன்னும் உள்ளே இருப்பதாக அர்த்தம். சிகிச்சை முடிந்த பிறகான தொடர் பரிசோதனைக்கு இசட்09, கூடவே முன்பு புற்றல்லாத கட்டி இருந்ததைச் சொல்லும் இசட்86.018 போட்டு அனுப்பினேன். கட்டி திரும்ப முளைத்திருந்தால் மட்டும்தான் பழைய குறியீட்டுக்குப் போக வேண்டும்.