ஆழியாறு டீக்கடையில் ஒரு திருநீற்றுப் புள்ளி

விடியற்காலை ஐந்தரைக்குக் கோவையிலிருந்து கிளம்பினோம். நானும் மனைவியும், வால்பாறைக்கு. ஓடும் வண்டியில் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள இரண்டு ஹெல்மெட்டிலும் புதிதாக மைக்கும் ஸ்பீக்கரும் உள்ள இன்டர்காம் மாட்டியிருந்தோம். கிணத்துக்கடவு தாண்டி வண்டி 70-ஐத் தொட்டபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

“ஏனுங்க, நான் பேசறது கேக்குதுங்களா?”

அதற்கப்புறம் அவள் சொன்ன எதுவும் புரியவில்லை, ஒரே காற்று. வால்யூமைக் கூட்டினேன், இரைச்சலும் சேர்ந்து கூடியது. காதுதான் வலித்தது.

பொள்ளாச்சி தாண்டி ஆழியாறில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். டீ வருவதற்குள் ஹெல்மெட்டின் உள்துணியை விலக்கிப் பார்த்தேன். ஸ்பீக்கர் 40 மில்லிமீட்டர் வட்டம்தான். அதன் நடு, காதுத் துளைக்கு நேராக நிற்க வேண்டும். ஒரு விரற்கடை விலகினால் போதும், பாட்டுக் கேட்டால் அடித்தொனி (பேஸ்) போய்விடும், பேச்சும் தேய்ந்துவிடும். ஆனால் ஹெல்மெட்டுக்குள் காது எங்கே வருகிறது என்று வெளியிலிருந்து எப்படித் தெரியும்?

மனைவி கைப்பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தாள். என் காதுத் துளைக்கு முன்னாலிருக்கும் சின்ன மேட்டில் ஈரம் தொட்டுக் கொஞ்சம் பூசினாள். ஹெல்மெட்டை மாட்டி, பட்டைகளை விரித்துப் பிடித்து மெதுவாகக் கழற்றினேன். கறுப்புத் துணியில் வெள்ளைப் புள்ளி! ஸ்பீக்கர் அதற்குக் கீழே, பின்னால் தள்ளி உட்கார்ந்திருந்தது. வெல்க்ரோவைப் பிரித்துப் புள்ளியின்மேல் ஒட்டினேன். காதுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே இடைவெளி இருந்ததால் பின்னால் ஒரு பஞ்சுத் துண்டும் வைத்தேன்.

அடுத்தது அவளுடைய மைக். அவளுடையது முன்பக்கம் திறந்த ஹெல்மெட், கம்பி மைக். மைக்குக்கு முகம் உண்டு, அது வாயைப் பார்க்க வேண்டும். அவளுடையது வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. நான் கேட்டதெல்லாம் அது வாங்கிய காற்றுதான். திருப்பி, உதட்டோரம் கொண்டுவந்து, பஞ்சு உறையைச் சரியாக மாட்டினோம்.

செட்டிங்கில் பெரிதாக ஒன்றும் இல்லை. போனின் வால்யூமை முக்கால்வாசிக்கு மேல் வைத்துவிட்டு, மிச்சத்தை ஹெல்மெட்டில் மாட்டிய ஹெட்செட்டில் கூட்டிக் குறைத்தேன். எங்கள் ஹெட்செட்டில் பாட்டுக்கும் இன்டர்காமுக்கும் வால்யூம் தனித்தனி. எது ஓடுகிறதோ அதுதான் மாறும். பேசிக்கொண்டே கூட்டினால்தான் பேச்சு கூடும். இது தெரியாமல் வழியெல்லாம் பாட்டின் சத்தத்தையே மாற்றிக்கொண்டு வந்திருக்கிறேன்.

குரல் கேட்டால் இணைப்பு தானே திறந்துகொள்ளும் வசதியை மலை ஏறும்முன் நிறுத்திவிட்டேன். அது முதல் சொல்லை விழுங்கும். “பஸ் வருது” என்பது “வருது” என்று மட்டும் கேட்டால் கொண்டை ஊசி வளைவில் என்ன செய்வது? இணைப்பை எப்போதும் திறந்தே வைத்தோம். பாட்டை நிறுத்தினேன். வளைவில் 20, 25-க்கு மேல் போக முடியாது, காற்றும் இல்லை. அதனால் வால்யூமைப் பாதியாகக் குறைத்தேன். மேலிருந்து இறங்கும் பஸ்ஸின் ஹார்ன் காதில் விழ வேண்டும். வால்பாறை மலைப்பாதையின் 40 வளைவிலும் எனக்கு அதுதான் முக்கியம்.

ஒன்பதாவது வளைவை நெருங்கும்போது அவள் கிசுகிசுத்தாள். மூச்சுக்காற்று உட்படக் கேட்டது.

“ஏனுங்க, மெதுவா... இடப்பக்கம், பாறை மேல. வரையாடு.”

வண்டியை ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். குட்டியோடு நின்றிருந்தது. நாங்கள் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. உதடு அசையாமல் பேசிக்கொண்டே பத்து நிமிடம் பார்த்தோம்.