வழமையான வருசம் எது, தம்பி?

போன கிழமை மின்னஞ்சல் வந்தது. கார்பன் கிரெடிட்டுக்காக உமிழ்வுக் குறைவைக் கணக்கிடும் முறையியலில் (கணக்கு விதிகளின் ஆவணத்தில்) நாங்கள் கேட்ட திருத்தம் ஏற்கப்பட்டதாம். இரண்டு வருடமும் நாலு மாதமும் இழுபட்ட காரியத்துக்கு இரண்டே வரி. சந்தோஷம்தான், ஆனால் எரிச்சல் இன்னும் முழுதாக அடங்கவில்லை. இதே வழியில் இறங்க நினைப்பவர்களுக்காக, நாங்கள் எங்கெங்கே இடறினோம் என்று எழுதி வைக்கிறேன்.

வலிகாமம் செம்மண் தோட்டங்களில் மண்ணெண்ணெயில் ஓடுகிற இறைப்பு மெசின்களை எடுத்துவிட்டு சோலர் பம்ப் வைப்பது எங்கள் திட்டம். குறைகிற கார்பனுக்கு, நிறுவனங்கள் தாமாக விரும்பி வாங்குகிற தன்னார்வச் சந்தையில் கிரெடிட் (குறைத்த ஒவ்வொரு தொன்னுக்கும் ஒரு சான்று) எடுத்து விற்கலாம் என்று நினைத்தோம். நான் ஒரு கமக்காரர் அமைப்புக்குக் கணக்கெழுதுகிறவன். கிரெடிட் என்றால் பெரிய காசு என்று கனவு காண்கிறவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ கார்பன்டைஒக்சைட். ஒரு மெசின் வருடத்துக்கு 200 லீற்றர் குடித்தால் அரைத் தொன், அவ்வளவுதான். பத்து இருபது தோட்டத்தை வைத்துக்கொண்டு, குறைப்பைச் சரிபார்க்கிற ஓடிற்றருக்குக் கொடுக்கும் காசைக்கூட எடுக்க முடியாது. நூற்றுக்கணக்கில் ஒரே கட்டாகச் சேர்த்தால்தான் ஏதாவது மிஞ்சும்.

முதல் பிழை எங்களுடையது. புது முறையியலே எழுதிவிட்டோம். அறுபது பக்கம், படம், சூத்திரம் எல்லாம் போட்டு. முதல் படியிலேயே திருப்பி அனுப்பினார்கள். கியோட்டோ ஒப்பந்தத்தின் தூய்மை மேம்பாட்டுப் பொறிமுறையில் சிறு திட்டங்களுக்கென்று ஏற்கனவே ஒரு வகை இருக்கிறது, ஒன்று-பி என்று பெயர். பாவனையாளருக்கான இயந்திர சக்தி பற்றியது, தண்ணீர்ப் பம்பும் அதற்குள் அடங்கும். அது இருக்கப் புதிதாக ஏன் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பட்டியலை ஒருநாள் இருந்து வாசித்திருந்தால் ஏழு மாதம் மிச்சம். இருக்கிற முறையியலில் திருத்தம் கேட்பதும் விலகல் கேட்பதும் ஒன்றல்ல என்பதும் அப்போதுதான் தெரிந்தது. விலகல் உங்கள் ஒரு திட்டத்துக்கு மட்டும். திருத்தம் அந்த ஆவணத்தையே எல்லோருக்கும் மாற்றுவது, அதனால் பொதுக் கருத்துக்கும் போகும். இழுபடுவதும் அதுதான்.

எங்களுக்கு ஏன் திருத்தம் தேவைப்பட்டது? அங்கேதான் கதை.

பேஸ்லைன் என்பது 'இந்தத் திட்டம் வராவிட்டால் என்ன நடந்திருக்கும்' என்பதற்கான கணக்கு. 2001 மரகேஷ் உடன்பாட்டில் அதைக் கணக்கிட மூன்று வழி சொல்லியிருக்கிறார்கள். அதில் முதலாவது, இப்போதைய அல்லது கடந்தகால உமிழ்வை எடுப்பது. எளிதாகத் தெரிந்தது, அதைத்தான் எடுத்தோம். மதிப்பாய்வாளர் கேட்டார்: "கடைசி மூன்று வழமையான வருடங்களின் எரிபொருள் தரவைத் தரவும்."

நாங்கள் தொடங்கியது 2023இல். அப்படியானால் கடைசி மூன்று வருடம் எது? 2020 கொரோனா ஊரடங்கு, விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோக முடியாமல் பலர் அடுத்த போகம் செய்யவில்லை. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை, தறைகள் (தோட்டத் துண்டுகள்) சும்மா கிடந்தன. 2022இல் மண்ணெண்ணெயே இல்லை. கான்களை வரிசையில் வைத்துவிட்டு இரவிரவாகக் காத்திருந்த வருடம் அது. ஓகஸ்டில் 87 ரூபாவாக இருந்த லீற்றர் ஒரே இரவில் 340 ஆனது. இந்த மூன்றையும் சராசரி பார்த்தால் எங்கள் கமக்காரர் மண்ணெண்ணெயே பாவிக்காதவர்கள் போலத்தான் தெரியும்.

உரும்பிராய்ப் பக்கம் ஒரு ஐயாவிடம் போய், "வழமையான வருசம் மூண்டு சொல்லுங்கோ ஐயா, அதை எடுப்பம்" என்றேன். அவர் வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து பார்த்தார். "வழமையான வருசம் எண்டால் எது, தம்பி?" விரல் மடிக்கத் தொடங்கினார். 95இல் இடப்பெயர்வு. அதற்கு முதலும் பிறகும் பொருளாதாரத் தடை, மெசினை மூடிவிட்டுத் துலாவில் இறைத்த நாட்கள். 2009 வரை எதைச் சொல்வது? மடித்த விரலை விரிக்க அவருக்கு ஒரு வருடமும் அகப்படவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு வரவில்லை.

ஆனால் அவரிடம் ஒரு கொப்பி இருந்தது. சீஆர் கொப்பி, மட்டை கிழிந்து நூலால் தைத்தது. எந்த நாள், எந்தத் தறை, எத்தனை மணித்தியாலம் இறைத்தது, எத்தனை போத்தல் ஊற்றியது, எல்லாம் 2014இலிருந்து. சில பக்கங்களில் எண்ணெய்ப் பெருவிரல் அடையாளம். எனக்குப் புதையல் கிடைத்த மாதிரி. ஓடிற்றர் நிறுவனம் அதைப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் பதிவு மட்டும் போதாது, கொள்வனவு பில்லும் வேண்டும் என்றது. சங்கக் கடைக்குப் போனேன். பழைய பில் புத்தகங்களைக் கறையான் தின்றுவிட்டதாம். கறையானுக்குச் சான்றிதழ் வாங்க முடியுமா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை.

அடுத்தது பெற்றோல். இது யாழ்ப்பாணத்தில் எந்தப் பொடியனுக்கும் தெரியும்: மண்ணெண்ணெய் மெசின் மண்ணெண்ணெயில் ஸ்டார்ட் வராது. கொஞ்சம் பெற்றோலில் கிளப்பி, சூடேறின பிறகு மண்ணெண்ணெய்க்குத் திருப்ப வேண்டும். பக்கத்தில் எப்போதும் ஒரு சோடாப் போத்தலில் பெற்றோல் இருக்கும். எல்லோருக்கும் தெரிந்த காரியம் என்பதால்தான் நாங்கள் எழுத மறந்துவிட்டோம். திட்ட எல்லைக்குள் இரண்டாவது எரிபொருள் ஒன்று ஏன் காட்டப்படவில்லை என்று கேள்வி வந்தது. தோட்டத்தில் எடுத்த படம் ஒன்றில் அந்தப் போத்தல் தெரிந்திருக்கிறது! உங்களுக்குச் சாதாரணமாகப் படுகிற எல்லாவற்றையும் எழுதுங்கள். அதோடு, அனுப்புகிற படங்களை நீங்களும் ஒருமுறை உற்றுப் பாருங்கள்.

நாட்டின் ஆட்சேபணையில்லைக் கடிதத்துக்காகக் கொழும்புப் பயணம். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. இரவு பஸ்ஸில் ஏறி விடிய இறங்கினேன். வியாழன் போயா (பௌர்ணமி விடுமுறை), சனி ஞாயிறு லீவு, நடுவில் வெள்ளி. கையெழுத்து வைக்கிறவர் வெள்ளியும் லீவு போட்டுவிட்டார். மேசையில் இருந்தவர் கோப்பைப் புரட்டிப் பார்த்து, கச்சேரிக் (மாவட்டச் செயலகக்) கடிதம் தமிழில் இருக்கிறது, மொழிபெயர்ப்பு எங்கே என்றார். தமிழும் அரச கரும மொழிதானே என்றேன். "அது சரி, ஆனால் எங்களுக்கு வாசிக்கத் தெரியாதே" என்றார், கோபமில்லாமல். அன்றிரவே திரும்பினேன். போகமுதல் தொலைபேசி எடுங்கள். போயாக் கலண்டரைப் பாருங்கள். மொழிபெயர்ப்பைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் செய்து இரண்டு பிரதி வையுங்கள். இரண்டாம் தடவை இருபது நிமிடத்தில் முடிந்தது.

இரண்டாவது சுற்றுக் கேள்விகள் கடுமையாக இருந்தாலும் கேட்டவர் விஷயம் தெரிந்தவர். மண்ணெண்ணெய் விலை ஏறிய பிறகு கமக்காரர் தாங்களாகவே கரண்ட் மோட்டருக்கு மாறியிருப்பார்களே, பிறகெப்படி மண்ணெண்ணெய் பேஸ்லைன்? மின்கட்டணமும் அதே 2022 ஓகஸ்டில் சராசரி 75 வீதம் ஏறியதைக் காட்டினோம். அப்படியும் வயர் போயிருக்கிற கிணறுகளைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னார், எடுத்தோம். பழைய மெசினை விற்றால் அது வேறெங்கோ ஓடும், அது கசிவு. ஆகவே உடைத்துப் படமெடுக்க வேண்டும். நல்ல மெசினை உடைப்பதைக் கமக்காரர் பார்த்துக்கொண்டு நின்ற முகம் சொல்லி மாளாது. நிலத்தடி நீர் பற்றியும் கேட்டார். சூரியனுக்குக் காசில்லை, நாள் முழுக்க இறைத்தால் கிணறு உவர்க்காதா என்று. வற்றாத ஆறில்லாத எங்கள் சுண்ணாம்புக்கல் மண்ணுக்கு அதைவிடச் சரியான கேள்வி இல்லை. நாங்களாக யோசித்திருக்க வேண்டும். பம்புக்கு நேரக்கட்டுப்பாடு போட ஒத்துக்கொண்டோம்.

எங்களைக் காப்பாற்றியது 'அடக்கப்பட்ட தேவை' என்ற கருத்து. வறுமையோ வசதிக் குறைவோ பாவனையை நசுக்கியிருந்தால், அந்த நசுங்கிய அளவையே பேஸ்லைனாக எடுக்கத் தேவையில்லை என்று 2011இலேயே வழிகாட்டி வந்திருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு, மூன்று வருடச் சராசரிக்குப் பதிலாகப் பயிருக்குத் தேவையான தண்ணீரிலிருந்து இறைப்பு மணித்தியாலத்தைக் கணக்கிட்டோம். மெசின் மணித்தியாலத்துக்கு எவ்வளவு குடிக்கிறது என்பதை அடையாளமிட்ட போத்தலை வைத்துத் தோட்டத்திலேயே அளந்தோம். அளக்க வேண்டிய தோட்டங்களைக் குலுக்கல் முறையில் தெரிந்தோம், புள்ளியியல் கணக்கில் 90 வீத நம்பிக்கை, 10 வீத வழு. பாரிஸ் ஒப்பந்தத்தின் 6.4 பிரிவில் கார்பன் கிரெடிட்டுக்கான புது விதிகள் வந்த பிறகு பேஸ்லைன் கீழ்நோக்கித்தான் போக வேண்டும் என்ற காற்று எங்கும் அடிக்கிறது, ஆகவே எதிலும் குறைந்த எண்ணையே எடுத்தோம். கடைசியில் கிடைக்கப்போவது நாங்கள் முதலில் போட்டதில் மூன்றில் இரண்டு பங்கு. சரி, போகட்டும்.

அந்தக் கணக்கு நிஜத்தோடு பொருந்துகிறதா என்று ஒப்பிட்டுக் காட்ட உதவியது ஐயாவின் கொப்பிதான். பில் இல்லாவிட்டாலும் துணை ஆதாரமாக ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் மூலப்பிரதி வேண்டும் என்று ஓடிற்றர் வாங்கிக்கொண்டு போனது இன்னும் திரும்பவில்லை. ஏற்பு வந்த செய்தியைச் சொல்ல ஐயாவிடம் போனேன். முறையியல் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கொப்பியின் கடைசிப் பக்கங்களில் யார் யார் எவ்வளவு கடன் தர வேண்டும் என்று எழுதியிருக்கிறதாம். "ஆள் கேட்டால் எதைக் காட்டுறது? நாளைக்கு ஒருக்கால் அவைக்கு எழுது, தம்பி" என்றார். எழுதியிருக்கிறேன்.