ஸ்டெப்னிக்கு ஒரு இடம்

1929 ஃபோர்டு மாடல் ஏ கார். பின்பக்கம் ஸ்டெப்னி மாட்டும் தாங்கி எப்போதோ காணாமல் போயிருந்தது. இந்த வாரம் நானே ஒன்று செய்து முடித்தேன்.

முதலில் அட்டையில் வெட்டிப் பார்த்தேன். 21 அங்குல வீல், ஐந்து போல்ட், போல்ட் வட்டம், அதாவது போல்ட் மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டம், ஐந்தரை அங்குலம். ஐந்து துளை என்றால் எதிரெதிரே துளை வராது, விட்டத்தை நேராக அளக்க முடியாது. அடுத்தடுத்த இரண்டு துளைகளின் மையத்துக்கு நடுவே 82 மில்லிமீட்டர் வந்தால் சரி. அதை மூன்று முறை அளந்த பிறகுதான் 6 மில்லிமீட்டர் தகட்டில் டிரில்லை வைத்தேன்.

பாடித் தகட்டில் மட்டும் போல்ட் போட்டுவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை. குழியில் இறங்கும் ஒவ்வொரு தடவையும் அந்த எடை குதிக்கும், பழைய தகடு கிழிந்துவிடும். அதனால் இரண்டு பைப் கால்களைக் காரின் அடிச்சட்டமான சேஸிஸ் வரை இறக்கினேன். வெல்டிங் மூலைகளில் முக்கோணத் துண்டுகள், பாடியைத் தொடும் இடத்தில் ரப்பர். பெயின்ட், அப்புறம் லாக் நட்.

மாட்டிவிட்டு டயரைப் பிடித்து உலுக்கினேன். கார் மொத்தமும் ஆடியது, தாங்கி அசையவில்லை. அந்த நிமிடம் கண் கலங்கிவிட்டது.