பம்ப் இல்லாமல் லெட்யூஸ்: விதை முதல் அறுவடை வரை 45 நாள்

முதல் முறை மண்ணில்லாமல் கீரை வளர்க்கிறவர்களுக்குக் கிராட்கி முறையே போதும். ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி பரப்பிய முறை இது. மூடி போட்ட தொட்டியில் உரக்கரைசலை ஒரே தடவை நிரப்பி, மூடியில் போட்ட துளையில் செடியைத் தொங்கவிட வேண்டும். செடி குடிக்கக் குடிக்க நீர்மட்டம் இறங்கும். அப்படிக் காலியாகிற இடத்தில்தான் வேர் மூச்சு விடுகிறது.

நாள் 1. நனைத்த ஸ்பாஞ்ச் துண்டுக்கு இரண்டு விதை. ஆழமாகப் புதைக்கக் கூடாது. லெட்யூஸ் விதை முளைக்க வெளிச்சம் உதவும். 15 முதல் 22 டிகிரி வரை நல்ல சூடு. 30 டிகிரியைத் தாண்டினால் நல்ல விதைகூட முளைக்காமல் கிடக்கும்.

நாள் 4. முளை தெரிந்த அன்றே வெளிச்சத்துக்கு வந்துவிட வேண்டும். ஒரு நாள் இருட்டில் விட்டாலும் தண்டு நூலாக நீண்டு சாயும், பிறகு நிமிராது. எல்இடி விளக்கு 15–20 செ.மீ. உயரத்தில், தினமும் 14 மணி நேரம்.

நாள் 14. நிஜ இலை இரண்டு மூன்று வந்து, ஸ்பாஞ்சின் அடியில் வேர் எட்டிப் பார்க்கிறது. தொட்டிக்கு மாற்ற இதுதான் நேரம். செடிக்கு 5 லிட்டர் கணக்கில், நான்கு செடிக்கு 20 லிட்டர். தொட்டி வெளிச்சம் புகாததாக இருக்க வேண்டும். புகுந்தால் பாசி பிடிக்கும்.

10 லிட்டர் தண்ணீருக்கு 4-18-38 என்பிகே (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம்) உரம் 6 கிராம், எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) 3 கிராம், கால்சியம் நைட்ரேட் 6 கிராம். இதே வரிசையில், ஒன்று முழுதாகக் கரைந்த பிறகே அடுத்தது. உப்புகளைச் சொட்டுத் தண்ணீரில் ஒன்றாகக் கலந்தால் கால்சியமானது சல்பேட்டோடும் பாஸ்பேட்டோடும் சேர்ந்து வெள்ளையாகத் திரிந்து அடியில் படியும். படிந்தது செடிக்குப் போகாது. கரைசலின் பிஎச் (அமில-கார அளவு) 5.5–6.5. தோட்டத்து யூரியா இங்கே உதவாது. அதை நைட்ரேட்டாக மாற்றும் மண் நுண்ணுயிர்கள் இந்தத் தண்ணீரில் போதிய அளவு இல்லை.

கரைசல் நெட் பாட்டின் (மூடித் துளையில் செடியைத் தாங்கும் சல்லடைக் கிண்ணம்) அடியை 1 செ.மீ. மட்டும் தொட வேண்டும்.

நாள் 24. மட்டம் 4 செ.மீ. இறங்கியிருக்கிறது. மூடியைத் தூக்கிப் பார்த்தால் இரண்டு வகை வேர் தெரியும்: தண்ணீருக்குள் நீளமாக, வழவழப்பாக ஒன்று, மேலே ஈரக்காற்றில் பஞ்சுபோல வெள்ளை ரோமம் படர்ந்த இன்னொன்று. குறைந்த தண்ணீரைப் பார்த்ததும் நிரப்பிவிடக் கை பரபரக்கும். முதல் தொட்டி அதிகம் கெடுவது இங்கேதான். காற்று வேர் ஒருமுறை முங்கினால் மூச்சுத் திணறும். தண்ணீர் நிறைய இருந்தும் இலை துவளும். அடி வற்றும் நிலை வந்தால் மட்டும் 2–3 செ.மீ. சேர்க்கலாம், பழைய மட்டத்துக்கு ஒருபோதும் வேண்டாம்.

வேர் பழுப்பாக இருந்தாலே அழுகல் என்று பயப்பட வேண்டாம். விரலால் தொட்டுப் பாருங்கள். உறுதியாக இருந்தால் உரத்தின் கறை. வழுவழுவென்று உரிந்து நாற்றம் அடித்தால் அழுகல். பெரும்பாலும் தண்ணீர் 25 டிகிரிக்கு மேல் சூடானதுதான் காரணம். அந்தச் செடியை எடுத்துவிட்டு, தொட்டியை நிழலுக்கு மாற்ற வேண்டும்.

நாள் 32. நடுக் குருத்தின் ஓரம் கருகுகிறதா? கால்சியம் தொட்டியில் இருக்கிறது, குருத்துக்குத்தான் போய்ச் சேரவில்லை. இலை நீரை ஆவியாக விட்டால்தான் அது மேலே ஏறும். நடுவில் காற்றே புகாமல் இறுகிக் கிடக்கிறது. உரத்தைக் கூட்டாமல் சின்ன விசிறியை மெல்லச் சுழலவிட்டால் புதுக் குருத்து சுத்தமாக வரும்.

நாள் 45. வெளி இலைகளை மட்டும் பறித்தால் இன்னும் இரண்டு வாரம் கிடைக்கும். நடுத்தண்டு நீளத் தொடங்கினால் காத்திருக்கக் கூடாது. பால் ஊறி இலை கசந்துவிடும். மிஞ்சிய கரைசலைப் பூந்தொட்டிகளுக்கு ஊற்றலாம், அடுத்த நடவுக்கு வேண்டாம். எந்த உப்பு தீர்ந்தது, எது மிஞ்சியது என்று ஈசி மீட்டர் (கரைசலின் மொத்த உப்பை அளக்கும் கருவி) பிரித்துச் சொல்லாது.