பத்தாண்டுச் சுழற்சியும் பத்து மாதச் சராசரியும்

கோலாலம்பூரின் செந்தூலில் வசிக்கும் என் சித்தப்பா, ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்த பணத்தில் ஒரு பகுதியைப் பங்குகளில் போட்டவர். 1987, 1997, 2008 என்று பத்தாண்டுக்கு ஒருமுறை சந்தை சரியும் என்பதும், அடுத்த சரிவின் ஆண்டை வரைபடமே காட்டிவிடும் என்பதும் அவருடைய உறுதியான நம்பிக்கை. சென்ற வாரம் மலேசியப் பங்குச் சந்தையின் அளவுகோலான கோலாலம்பூர் கூட்டுக் குறியீட்டின் மாதாந்திர வரைபடத்தை விரித்து வைத்து இரவு வெகுநேரம் பேசினோம்.

அந்தக் குறியீடு 1994 ஜனவரியில் 1,314 புள்ளிகளைத் தொட்டு, 1998 செப்டம்பர் 1 அன்று 262க்கு இறங்கியது. அடுத்த உச்சம் 2008 ஜனவரியில் 1,516; அதே ஆண்டு அக்டோபரில் 829. மூன்றாவது உச்சம் 2018 ஏப்ரலில் 1,895; பள்ளம் 2020 மார்ச்சில் 1,219. உச்சியிலிருந்து அடிமட்டத்திற்கு முதல்முறை நாலரை ஆண்டுகளுக்கு மேல், அடுத்தமுறை பத்து மாதங்களுக்குள், பிறகு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். மூன்றே அலைகளிலிருந்து, அதுவும் நீளம் ஒத்துவராத அலைகளிலிருந்து, நான்காவதன் தேதியைச் சொல்ல முடியும் என்று நான் நம்பவில்லை. போதாக்குறைக்கு, 2009 ஜூலையில் குறியீட்டிலிருந்த 100 நிறுவனங்கள் 30 ஆகக் குறைக்கப்பட்டதால், இரு வேறு அளவுகோல்கள் ஒரே கோடாக ஒட்டப்பட்டிருக்கின்றன. 1998இல் சந்தை திரும்பியது, பணம் நாட்டை விட்டு வெளியேறுவதைத் தடுக்கும் மூலதனக் கட்டுப்பாடும் டாலருக்கு 3.80 ரிங்கிட் என்ற நிலையான மாற்று விகிதமும் அறிவிக்கப்பட்ட நாள்களில்தான். அந்த முடிவை எந்த விலைக்கோடும் முன்கூட்டி அறிந்திருக்க வழியில்லை.

ஆயினும் கருவிகளை ஒதுக்கச் சொல்லவில்லை. எட்வின் காப்பாக் 1962இல் வெளியிட்ட வளைகோடு, 14 மாதத்திலும் 11 மாதத்திலும் குறியீடு எத்தனை விழுக்காடு மாறியது என்ற விகிதங்களைக் கூட்டி, அதற்கு, அண்மை மாதங்களுக்குக் கூடுதல் மதிப்புத் தரும் பத்து மாத எடையிட்ட சராசரி காண்பது. உற்றாரை இழந்தவர் துயரிலிருந்து மீள எத்தனை மாதம் ஆகும் என்று பாதிரியார்களிடம் கேட்டே அவர் அந்தக் கால அளவுகளைத் தேர்ந்தார் என்பது எனக்கு இன்றும் நெகிழ்ச்சி தரும் செய்தி. பூஜ்யத்துக்குக் கீழிருந்து அது மேல்நோக்கித் திரும்புவது, பெரும் இறக்கம் முடிந்திருக்கலாம் என்பதற்கான அடையாளம். அதுவும் தாமதமாகவே வரும்.

எளிய பத்து மாதச் சராசரியும் அப்படித்தான்: கடைசிப் பத்து மாத இறுதிப் புள்ளிகளின் சராசரிக்கு மேலே குறியீடு நின்றால் வாங்கு, கீழே நின்றால் விற்று விலகு என்பது விதி. 2008 மார்ச் 8 பொதுத் தேர்தலை அடுத்து, 10ஆம் தேதி ஒரே நாளில் 9 விழுக்காட்டுக்கு மேல் சரிந்த குறியீடு, மாத இறுதியில் அந்தச் சராசரிக்குக் கீழே நின்றது. அப்போதே விலகியவர், செப்டம்பரில் அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் வீழ்ந்ததற்குப் பிந்தைய அடியிலிருந்து தப்பியிருப்பார். ஆனால் 1,500க்கும் 1,900க்கும் இடையே சந்தை அலைந்த 2014 முதல் 2018 வரையிலான ஆண்டுகளில், அதே விதி பலமுறை வாங்கவும் விற்கவும் வைத்துத் தரகுக்கூலியையே பெருக்கியிருக்கும்.

சித்தப்பா முழுமையாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் சரிவு ஆண்டு என்று ஓர் ஏட்டில் குறித்து வைத்திருந்ததை அடித்துவிட்டு, அந்த ஏட்டிலேயே மாத இறுதிப் புள்ளிகளையும் சராசரியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதக் கட்டங்கள் போட்டிருக்கிறார். இம்மாதக் கடைசி வர்த்தக நாளன்று மாலை, முதல் வரியை நிரப்ப நானும் போகிறேன்.